தண்ணீர் குடித்த கிணறு

அந்த வகுப்பு எனக்கு வாய்த்ததற்குக் காரணம் ஓர் ஆர்மோனியம். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த பெண்கள் ஹைஸ்கூலில் ஒரே ஒரு ஆர்மோனியம்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் அதைப் பழகுவதற்கு இருபது பிள்ளைகளுக்கு இடம். உபதேசியார் மகள், வாத்தியார் மகள், தாலுகா கச்சேரி குமாஸ்தா மகள் என்று அந்த இருபதும் நிரம்பிவிடும். மேல் வகுப்புகளில் மிச்சம் ஏழு பிள்ளைகள். பனையேறும் வீடுகளிலிருந்தும் வயல் கூலிக்குப் போகும் வீடுகளிலிருந்தும் வந்து, மிஷன் செலவில் போர்டிங்கில் தங்கிப் படித்தவர்கள். மற்றவர்கள் கீர்த்தனை வாசிக்கும் நேரத்தில் இவர்கள் சமையல்கட்டில் அரிசி புடைப்பார்கள்.

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு இரண்டு வருஷம் முந்தி, எங்கள் தலைமை மிஸ்ஸியம்மாளின் கண்ணில் இது பட்டது. மிஸ்ஸியம்மாள் வெள்ளைக்காரர்; தமிழை வேதப்புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். காப்பி ஆறிப்போனதைக்கூடத் தீர்க்கதரிசி மாதிரிதான் சொல்லுவார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்முடைய மிஷனின் மாதப் பத்திரிகையை நான் வாசித்தேன். அதிலே இன்னார் கப்பலேறினார், இன்னார் கப்பலிறங்கினார் என்பதேயன்றி வேறொன்றையும் காணேன். இந்த ஏழு பிள்ளைகளின் ஊரார் எங்கே? இவர்களுக்குச் சமாசாரம் எழுதக் கற்பியும்."

"நானா அம்மா?"

"நீர் எழுத்தாளரல்லவா?"

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்த மாதப் பத்திரிகையில் 'காலத்தின் அருமை' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கேட்ட தேதிக்கு இரண்டு மாதம் கழித்துக் கொடுத்த கட்டுரை அது. ஆனாலும் எழுத்தாளர் என்று ஒருவர் சொன்னால் மறுக்க வாய் வரவில்லை. "அப்படியே செய்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "பத்திரிகையாவது யாதெனில்" என்று தொடங்கினேன். எங்கே முடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் திறந்தபடியே தூங்கக்கூடியவள் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. கடைசியில், அவரவர் ஊர்ச் செய்தி ஒன்றை எழுதச் சொன்னேன். ஏழு சிலேட்டும் வந்தன. ஆறு சிலேட்டில், கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று இருந்தது. ஏழாவது சிலேட்டில், 'எங்கள் ஊரில் சேதி ஒன்றும் இல்லை' என்று ஒரே வரி. எழுதினவள் தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை. நெடுநெடுவென்று வளர்ந்தவள்.

"ஒன்றுமே நடக்கவில்லையா? போன வாரம் ஊருக்குப் போய்விட்டுத்தானே வந்தாய்?"

"ஒண்ணும் நடக்கலை டீச்சரம்மா. எங்க சித்தப்பா பனையிலேருந்து விழுந்தாக. அம்புட்டுத்தான்."

"ஐயோ! அது சேதி இல்லையா?"

"கால்தான் ஒடிஞ்சது. உசிரு இருக்கு."

"உயிர் போனால்தான் சேதியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போனாலும் சேதி இல்ல டீச்சரம்மா. குதிரையிலேருந்து துரை விழுந்தாத்தான் சேதி."

மற்ற ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டணத்திலிருந்து வந்த பத்திரிகை ஒன்றில், யாரோ ஒரு துரை குதிரையிலிருந்து விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்ட செய்தியை அந்த வாரம்தான் ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டு வாசித்திருந்தேன்.

அதற்குப் பிறகு பிரசங்கத்தை நிறுத்தினேன். நாலு கேள்வி போதும் என்று சொன்னேன்: யாருக்கு, எங்கே, எப்போது, என்ன ஆயிற்று. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்தவரிடம் கேட்க வேண்டும். பழகிக்கொள்வதற்காக, போர்டிங் மேட்ரனம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டை ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவரை ஏழு பேரும் வளைத்துக்கொண்டார்கள். எங்கிருந்து வருகிறார், வண்டியில் என்ன பாரம், மாட்டுக்கு என்ன வயது, இடது மாடு ஏன் நொண்டுகிறது, லாடம் எப்போது அடித்தது, யார் அடித்தது?

அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏட்டி, நீங்க எல்லாரும் பொம்பளைப் போலீஸா?" என்று கேட்டுவிட்டு, பாதித் தண்ணீரிலேயே மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டிவிட்டார்.

திரும்பி வந்து எல்லோரும் எழுதினோம். மாதிரி காட்டுவதற்காக நானும் எழுதினேன். தாமிரபரணித் தாய் தன் வெள்ளி அலைக்கரங்களை வீசி எங்களை வரவேற்றாள் என்று தொடங்கி ஒரு பக்கம். வாசித்துக் காட்டியதும் அறை அமைதியாக இருந்தது. மெய்மறந்து போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கால்கரைப் பிள்ளை ஒருத்தி பைய எழுந்து நின்றாள். ஆற்றுக்குக் கீழே நாலைந்து மைலில் ஒரு வாய்க்கால் கரைச் சேரியிலிருந்து வந்தவள். சின்ன உருவம், பெரிய கண், நாலாம் பாரத்தில் படித்தாள்.

"டீச்சரம்மா, இன்னைக்கு ஆத்துல முழங்கால் தண்ணிதான். அலை எங்கன அடிச்சுது?"

இதற்குப் பதில் சொல்ல எந்த ட்ரெயினிங் ஸ்கூலிலும் சொல்லித் தரவில்லை. "உட்கார்" என்றேன். மறுநாள் என் தாளிலிருந்து அலையை அடித்துவிட்டேன். வெள்ளி அலை போனதும், நான் எழுதினதில் மிஞ்சினது வண்டிக்காரரின் நொண்டி மாடு மட்டும்தான்.

இப்படியாக மாதம் ஒரு கையெழுத்துத் தாள் தயாரித்துப் பள்ளித் தாழ்வாரத்துத் தூணில் ஒட்டினோம். ஆரம்பத்தில் யாரும் சீந்தவில்லை. போர்டிங்கில் புளிக்குழம்பு எத்தனை நாள் தொடர்ந்து வந்தது என்று ஒருத்தி எழுதின மாதம் தூணைச் சுற்றிக் கூட்டம். ஆர்மோனியப் பிள்ளைகள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். மேட்ரனம்மாள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் குழம்பு மாறிவிட்டது. மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு நாள் ஏதோ வேலையாக வந்தவர் தூணருகே நின்று முழுவதும் வாசித்தார். "நம்ம பத்திரிகையில மாசாமாசம் அரைப் பக்கம் கிடந்து காயுதும்மா. அதுல பூவும் கொடியுமா படம் போட்டு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். இதுல நல்லதா ஒண்ணைக் குடுங்க, கோத்துருதேன்" என்றார். மிஸ்ஸியம்மாளும் சம்மதித்தார். அந்த அரைப் பக்கம் எங்களுடையதாயிற்று.

அடுத்த வருஷம் ஈஸ்டர் லீவு முடிந்து வாய்க்கால்கரைப் பிள்ளை ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் ஊரில் சர்க்கார் செலவில் குடிதண்ணீர்க் கிணறு வெட்டியிருந்தார்கள். அதைத் திறந்து வைக்க டிப்டி கலெக்டர் வந்து போனது பட்டணத்துப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. ஏழை மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்களாம், கிணற்று நீர் தேனாக இனித்ததாம்.

அவள் எழுதியிருந்தது இது:

'எங்கள் ஊர்க் கிணற்றில் ஊற்று இல்லை. பாறை வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை டிப்டி கலெக்டர் வருவதாக இருந்ததால், திங்கட்கிழமை சாயங்காலம் பெண்களைக் கூப்பிட்டு வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்து கிணற்றில் ஊற்றச் சொன்னார்கள். என் தாயார் முப்பது குடம் ஊற்றினார். நான் பன்னிரண்டு குடம். படித்துப் படித்து என் கழுத்துக் கெட்டுப்போயிற்று என்று தாயார் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை டிப்டி கலெக்டர் வந்து, வாளியில் இறைத்த தண்ணீரைக் கையில் தொட்டுப் பார்த்தார். குடிக்கவில்லை. குடிப்பதற்கு அவர் கூஜா கொண்டுவந்திருந்தார். வியாழக்கிழமை கிணறு காலி. மற்ற ஊர்க் கிணறுகள் தண்ணீர் கொடுக்கும். எங்கள் ஊர்க் கிணறு தண்ணீர் குடிக்கும்.'

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்தது. டிப்டி கலெக்டர், சர்க்கார், அந்த ஊர்க் கிராம முன்சீப், எல்லோரும் என் கண் முன் வரிசையாக நின்றார்கள். சிவப்பு மையை எடுத்து, 'கிணற்றில் நீர்வரத்து சற்றுக் குறைவு என்று கூறப்படுகிறது' என்று திருத்தினேன். அவள் என் தோளருகே நின்று அதைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, எங்கம்மாவுக்கு முதுகு சற்றுக் குறைவாவா வலிச்சுது?"

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் சிவப்பு வரியை அடித்துவிட்டேன். அண்ணாச்சி அதைக் கோத்தார். கோக்கும்போது சிரித்ததில் இரண்டு எழுத்து மாறிப்போய்விட்டது என்று பிறகு சொன்னார்.

பத்திரிகை வெளியாகிப் பத்து நாள் ஆகியிருக்கும். பள்ளி வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. பெரிய தலைப்பாகையும் வெள்ளி முட்டி போட்ட கைத்தடியுமாக அந்த ஊர் முன்சீப் இறங்கினார். மிஸ்ஸியம்மாள் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"பொய்யா எழுதி என் மானத்தை வாங்கிட்டீக. ஊரே சிரிக்குது" என்றார் முன்சீப். பத்திரிகையை எட்டாக மடித்து மடியில் வைத்திருந்தார்.

மிஸ்ஸியம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எது பொய்யென்று எனக்குக் காண்பியும்."

"இந்தா, இங்கன. முப்பதும் பன்னிரண்டும் நாப்பத்திரண்டு குடமாம்! அம்மா, நீங்களே சொல்லுங்க. அம்மாம் பெரிய கிணத்துக்கு நாப்பத்திரண்டு குடம் எந்த மூலைக்கு? அடிப்பாறைகூட நனையாதே. நாப்பத்திரண்டு குடத்தை ஊத்திட்டு டிப்டி கலெக்டரை ஏமாத்தப் பாத்தான் இந்த முன்சீப்னு பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் கேலி பேசுதான். எட்டுப் பொம்பளைக சுமந்தாக! இருநூத்தம்பது குடத்துக்குக் குறையாது. நானே பக்கத்துல நின்னு ஊத்தவச்சேன்!"

மிஸ்ஸியம்மாள் என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்காமலிருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

"அப்படியானால், தண்ணீர் ஊற்றினது மெய்?" என்றார் மிஸ்ஸியம்மாள்.

"ஊத்தினது மெய்தான். கணக்குத்தான் பொய்."

பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்து கதவோரம் நின்றாள். முன்சீப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, நீதானா அது?"

"ஆமாய்யா. எங்கம்மா முப்பது, நான் பன்னிரண்டு, அம்புட்டுத்தான் எழுதினேன். மத்த ஆளுகளை நான் எண்ணலை. என் தப்புதான்."

"திருத்திப் போடுவீகளா?"

"போடுதோம் ஐயா" என்றாள்.

போட்டோம். அடுத்த மாத இதழில் அரைப் பக்கத்தின் அடியில் அவளே எழுதின நாலு வரி: 'பிழை திருத்தம். சென்ற மாதம் கிணற்றில் ஊற்றிய தண்ணீர் நாற்பத்திரண்டு குடம் என்று நினைக்கும்படி எழுதிவிட்டோம். அது இரண்டு பேர் ஊற்றினது. எட்டுப் பேர் இருநூற்றைம்பது குடத்துக்குக் குறையாமல் ஊற்றினார்கள் என்று, கூட நின்று ஊற்றவைத்த கிராம முன்சீப் அவர்களே நேரில் வந்து தெரிவித்தார்கள். பிழைக்கு வருந்துகிறோம்.'

முன்சீப்புக்கு அது மெத்தத் திருப்தி என்று கேள்விப்பட்டோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம். அது அவர் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி என்று அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்களோ தெரியாது. யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும் எங்களுக்கு ஆனி மாதத்தில் தெரிந்தது.

கோடை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள். வாய்க்கால்கரைப் பிள்ளை வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். பக்கத்து ஊரிலிருந்து படிக்க வந்த ஒருத்திதான் சொன்னாள். கார் பருவ நடவுக்கு அவள் அம்மாவை யாரும் கூப்பிடவில்லையாம். முன்சீப்பின் வயலுக்கும் இல்லை, அவர் கண் பார்த்து நடக்கிறவர்கள் வயலுக்கும் இல்லை. அம்மா இரண்டு ஊர் தாண்டி நடவுக்குப் போகிறாளாம், இவள் வீட்டில் தங்கைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறாளாம்.

யாருக்கு, எங்கே, எப்போது, என்ன என்று நாலு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை எழுதினால் யார் தலையில் வந்து விடியும் என்ற கேள்வியை நானே கேட்டுக்கொள்ளவில்லை. என் பேர் அந்த அரைப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. அவள் பேரும் போடவில்லைதான். ஆனால் அந்தச் சேரியில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளை ஒரே ஒருத்தி. அதற்கு மேல் பேர் எதற்கு?

சனிக்கிழமை மேட்ரனம்மாளையும் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் போனேன். வயலெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் குனிந்த முதுகுகள். அவள் அம்மா அன்றைக்கு வேலை கிடைக்காமல் வீட்டில்தான் இருந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை. வயது என்னைவிடப் பத்துப் பன்னிரண்டுதான் கூட இருக்கும். எனக்கு ஓலைப்பாய் விரித்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தாள்.

என்ன சொல்வது என்று வண்டியில் வரும்போது பல தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும், "என்னால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம்" என்பதற்கு மேல் வரவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இவ என்னத்தத்தான் எழுதினா? ஊரெல்லாம் படிச்சுட்டான். எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. இவளைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கா" என்றாள்.

மகள் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து வாசித்தேன். முப்பது குடம் என்ற இடத்தில் அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். கழுத்துக் கெட்டுப்போயிற்று என்ற இடத்தில் மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். கூஜா வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். முடிந்ததும் மகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சரிதான். ஏட்டி, சும்மாட்டை ஏன் எழுதலை?"

மகள் விழித்தாள்.

"அவசரத்துல கூப்பிட்டான்னு, தலைக்குச் சும்மாடு வைக்கத் துணி இல்லாம, என் நல்ல சேலையில அரைமுழம் கிழிச்சேன்லா? நீ பாத்துக்கிட்டுத்தானே நின்னே? குடத்தை எண்ணத் தெரிஞ்சவளுக்குச் சேலை தெரியலையாக்கும்?"

"மறந்துட்டேம்மா" என்றாள் மகள். எட்டு மாதமாக அவளுக்கு நான் செய்த திருத்தமெல்லாம் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

மேட்ரனம்மாள் வெற்றிலையை எடுத்து நீட்டியதும் பேச்சு இலகுவாயிற்று. பிள்ளையைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அம்மா உடனே சம்மதிக்கவில்லை. சின்னது ரெண்டையும் யார் பார்ப்பது என்றாள். புளிக்குழம்புக்காக என்னோடு பேசாமலிருந்த அதே மேட்ரனம்மாள், "ரெண்டையும் போர்டிங்கில் சேர்த்துக்கிடுதேன். சாப்பாடு என் பொறுப்பு" என்று மிஸ்ஸியம்மாளைக் கேட்காமலே சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளும் ஒரு மூட்டையுமாக அந்த அம்மாளே நடந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். மிஸ்ஸியம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்று மூன்றாயிற்றே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல் வகுப்பில் ஐந்தாவது கேள்வியாக, யார் தலையில் விடியும் என்பதும் சேர்ந்தது. செய்தியில் வருகிறவர்களிடம் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்தபின் அவர்கள் வேண்டாம் என்றால் தூணில் ஒட்டக்கூடாது. இதனால் பல நல்ல செய்திகள் போயின. சில செய்திகள் முன்னைவிட நன்றாக வந்தன. கேட்கிறவர்கள், நாங்கள் விட்டதையெல்லாம் சொல்லிச் சேர்த்தார்கள்.

திருத்தம் வெளியான இதழை யாரோ டிப்டி கலெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சிதான் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், நான் எழுத்துக் கோக்குறவன்" என்பார். மறு வருஷம் சித்திரையில் பாறைக்கு வெடி வைத்து இன்னும் ஆழமாக வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. வந்தது உப்பு. துவைக்கவும் மாட்டுக்கும் ஆகும், குடிக்க ஆகாது. அந்த முறை திறப்புவிழா இல்லை. முன்சீப் வயலில் அந்த அம்மாளைத் திரும்பவும் நடவுக்குக் கூப்பிட இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், ஆயிற்று. நாற்று நடுவதில் அவளைப் போல் கைவேகம் அந்தப் பக்கத்தில் கிடையாது என்பதால் கூப்பிட்டார்களே தவிர, மனம் இளகிக் கூப்பிடவில்லை.

சண்டை வந்ததும் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மாதப் பத்திரிகை பாதியாகச் சுருங்கியது. எங்கள் அரைப் பக்கம்தான் முதலில் போயிற்று, கப்பலேறினவர்களும் இறங்கினவர்களும் பத்திரமாக இருந்தார்கள். தூணில் ஒட்டுவதை மட்டும் நான் கல்யாணமாகிப் போகும்வரை நிறுத்தவில்லை.

வாய்க்கால்கரைப் பிள்ளை ட்ரெயினிங் முடித்து, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனாள். ஒரு தடவை அங்கே போயிருந்தேன். பள்ளி விட்ட நேரம். மனு எழுதிக்கொள்ள ஒருவர் வந்து காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆடு தன் முருங்கையைத் தின்றுவிட்டது என்று தாசில்தாருக்கு மனு.

"என்னைக்குத் தின்னுச்சு ஐயா?" என்று கேட்டாள் அவள், தாளை விரித்துக்கொண்டு.

"முந்தாநாள்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலமாத்தான் இருக்கும்."

"யார் பாத்தா?"

"நான் பாக்கலை. ஆனா ஆடு அவன் ஆடுதான்."

"வேலி எந்தப் பக்கம் திறந்து கிடந்துச்சு? அது யார் வேலி?"

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். வேலி அவருடையதாக இருந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாந்தாயி. நானே போய் அவன்கிட்டப் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் தாளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போட எழுந்தாள்.